ஆத்தா பேரில் ஒரு ஷேர் கணக்கு

பூசாரி மொக்கையா செருப்பை மாடிப்படிக்குக் கீழேயே கழற்றிவிட்டு ஏறி வந்தார். நெற்றி நிறையத் திருநீறு, தோளில் துண்டு, கையில் ஸ்டூடியோ கவர் ஒன்று. அவருக்குப் பின்னால் என் அக்கா வீட்டுக்காரர் சுருளிவேல் மச்சான், மூச்சு வாங்கிக்கொண்டு.

"போட்டோ ரெண்டு வேணும்னு சொன்னியாமே தாயி" என்று பூசாரி கவரை என் மேசையில் கவிழ்த்தார்.

உள்ளேயிருந்து விழுந்தது எங்கள் ஊர்க் காளியம்மன். பாஸ்போர்ட் சைஸ், நீலப் பின்னணி, இரண்டு காப்பி. எட்டுக் கையும் அந்த அளவுக்குள் அடங்காததால் முகமும் கழுத்தும் மட்டும் இருந்தன.

"காது ரெண்டும் தெரியணும்னு ஸ்டூடியோவுல சொன்னாக. அதான் மாலைய ஒதுக்கிட்டு எடுத்தோம்" என்றார் பூசாரி. முகத்தில் சிரிப்பின் சாயல்கூட இல்லை.

எனக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டு மச்சானைப் பார்த்தேன். மச்சான் சீலிங் ஃபேனைப் பார்த்தார்.

அப்பா பெயர் என்ன?

தேனியில் பெரியகுளம் ரோட்டில், பம்ப்செட் கடைக்கு மேல் மாடியில் இருந்தது எங்கள் ஷேர் ஆபீஸ். நான் அங்கே டெர்மினல் என்கிற வியாபாரக் கம்ப்யூட்டரில் உட்காருகிறவள். வாங்கச் சொன்னால் வாங்குவேன், விற்கச் சொன்னால் விற்பேன். அதற்கு மேல் என்னிடம் யோசனை கேட்கக் கூடாது என்பது முதலாளியின் சட்டம். யோசனையை வாயில் வைத்துக்கொண்டு சும்மா இருப்பது எனக்குப் பிறவியிலேயே வராத பழக்கம்.

இரண்டாயிரத்து ஏழு வாக்கில் இருக்கும். மார்க்கெட் வெறி பிடித்து ஏறிக்கொண்டிருந்த நேரம். திராட்சை விற்றவர், தேங்காய் விற்றவர், சீட்டு எடுத்தவர் என்று எல்லாரும் எங்கள் மாடிப்படி ஏறினார்கள். ஏறி முடித்ததும் எல்லாரும் கேட்ட முதல் கேள்வி ஒன்றே: "ஏறுமா?"

பூசாரியும் அதைத்தான் கேட்க வந்திருந்தார். அதற்கு முன் கணக்குத் திறக்க வேண்டும். கணக்கு ஆத்தா பேரில்தான் இருக்க வேண்டும் என்று ஊர் முடிவு செய்துவிட்டதாம்.

"பான் கார்டு வேணுமே" என்றேன்.

"எடுத்துக் குடு."

"அதுக்கு அப்பா பேரு, பிறந்த தேதி எல்லாம் கேப்பாங்க."

"ஆத்தாளுக்கு ஏது தாயி அப்பன்?" என்றார் பூசாரி, நான் ஏதோ தகாத வார்த்தை பேசிவிட்டது போல.

"கையெழுத்து?"

பூசாரி யோசித்தார். "கைநாட்டு வைக்கலாமா? சந்தனத்துல கை வச்சு எடுத்தாந்துருவோம்."

முதலாளி தன் அறையிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டு உடனே கதவைச் சாத்திக்கொண்டார். அவர் சிரிக்கும் சத்தம் கதவைத் தாண்டி வந்தது. கடைசியில் கணக்கு மச்சான் பேரில் திறந்தது. பாரத்தின் உச்சியில் பூசாரி சொன்னபடி மஞ்சள் தடவி, 'ஆத்தா துணை' என்று மச்சான் எழுதினார். ஆத்தா படம் ஒன்றை அவர்கள் திரும்ப எடுத்துப் போனார்கள். இன்னொன்றை என் மானிட்டர் ஓரத்தில் ஒட்டச் சொன்னார்கள். ஒட்டினேன்.

தேதி வைத்த பணம்

சிரித்து முடித்ததும் எனக்குப் பயம் வந்தது. காரணம் இருந்தது.

சின்னமனூரிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி இருக்கிறது நான் பிறந்த ஊர். அக்கா ஈஸ்வரி வாக்கப்பட்டதும் அங்கேயேதான். அந்த ஊரில் ஆத்தா பணம் என்று ஒன்று உண்டு. சித்திரைத் திருவிழா முடிந்ததும் மீதிப் பணத்தை ஒரு வீட்டுக்குக் கொடுப்பார்கள். அந்த வீட்டார் அதை வைத்து ஒரு வருடம் பிழைத்துக்கொள்ளலாம். அடுத்த திருவிழாவில் முதலும் வட்டியுமாகத் தாம்பாளத்தில் கொண்டுவந்து வைக்க வேண்டும்.

வாங்கும்போது சந்நிதியில் நின்று, எதை நம்பி வாங்குகிறோம் என்று வாயால் சொல்ல வேண்டும். ஒருவர் மாட்டைச் சொல்வார், ஒருவர் வீட்டைச் சொல்வார். அந்த வருடம் பணத்தை வாங்கி ஷேரில் போட நினைத்த மச்சான் திராட்சைப் பந்தலைச் சொன்னார். அவருக்கும் அக்காவுக்கும் அது ஒன்றுதான் சொத்து. பந்தலுக்குக் கல்தூண் நட்ட வருடம் அக்கா தன் கழுத்தில் மஞ்சள் கயிறு மட்டும் போட்டுக்கொண்டு திரிந்தது எனக்குத் தெரியும்.

பணத்தை வைக்க முடியாவிட்டால் என்ன ஆகும்? யாரும் அடிக்க மாட்டார்கள், கேஸ் போட மாட்டார்கள். சொன்ன பொருளை ஊர் எடுத்துக்கொள்ளும், அவ்வளவுதான். அதற்குப் பிறகு அந்த ஊரில் யார் முகத்தில் விழிப்பது? நான் பள்ளிக்கூடம் போகிற காலத்தில் அப்படி ஒரு குடும்பம் மயிலாடும்பாறைப் பக்கம் போய்விட்டது. இன்றுவரை திருவிழாவுக்குக்கூட வந்ததில்லை.

இதில் இன்னொரு கட்டும் இருந்தது. கொடுத்த பணத்தை இடையில் யாரும் கேட்கக் கூடாது, வாங்கியவரும் திருப்பிக் கொடுப்பதற்காக அதைப் போட்ட இடத்திலிருந்து எடுக்கக் கூடாது. அம்மன் கையில் காப்புக் கயிறு கட்டி, அதை அவிழ்க்கும் வரையுள்ள நாட்களில்தான் தொட வேண்டும். ஏதோ ஒரு காலத்தில் பங்காளிச் சண்டையில் நடு வருடத்தில் பணத்தைக் கேட்டு அடிதடி ஆனதால் வந்த வழக்கம் என்பார்கள். வட்டிக்கு விட்ட பணத்துக்கு அது நல்ல வழக்கம்.

ஷேருக்கு? வருடத்தில் ஒரே ஒரு வாரம்தான் விற்கலாம், அந்த வாரம் என்ன விலையோ அதுதான் விலை என்று ஆகிவிட்டது. மார்க்கெட்டுக்குச் சித்திரை மாதம் என்று ஒன்று இருப்பதே தெரியாது.

"மச்சான், இது தேதி வச்ச பணம். தேதி வச்ச பணத்த இங்கன கொண்டாராதீங்க" என்றேன்.

"நீ சம்பளம் வாங்குற கடை. நீயே வேணாங்குற" என்றார் மச்சான். முதலாளி காதில் விழட்டும் என்றே கொஞ்சம் சத்தமாகச் சொன்னார்.

ஆட்டுச் சந்தை

வாங்குகிற அன்று பூசாரி என் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார்.

"இந்தப் பணம் நேரா கம்பெனிக்காரன்ட்ட போயிருமா?"

"போகாது. நேத்து வரைக்கும் இந்த ஷேர வச்சிருந்த ஆளுக்குப் போகும்."

"அப்ப கம்பெனிக்காரன் பாக்கவே மாட்டானா?"

"மொதத் தடவை விக்கையில மட்டும் அவனுக்குப் போகும். அப்பறம் ஆட்டுச் சந்தை மாதிரி. குட்டி வளத்தவன் ஒரு தடவை காசப் பாத்துட்டுப் போயிருவான். மிச்சமெல்லாம் கை மாறிக்கிட்டே கெடக்கும்."

பூசாரிக்கு இது பிடிக்கவில்லை. முகம் தெரியாத ஒருவனுக்கு ஆத்தா பணம் போவதா என்று முனகினார். ஆனாலும் சிமென்ட், பேங்க், அப்போது எல்லாரும் பேயாய் அடித்துக்கொண்ட ஒரு கட்டடக் கம்பெனி என்று மூன்றுக்கும் தலையாட்டினார். "சுருட்டுக் கம்பெனி இருந்தா ஒண்ணு வாங்கிப் போடு, கருப்பசாமிக்கு ஆகும்" என்றார். சுருட்டுக் கம்பெனி எதுவும் இல்லை.

எங்கள் பக்கத்துக்கு ஷேர் புதிதில்லை என்பதையும் இங்கே சொல்லிவிடுகிறேன். நான் கல்லூரியில் படித்தபோதே பஸ் ஸ்டாண்டு பக்கம் புது ஷேர் விண்ணப்பங்களைக் கட்டுக்கட்டாக வைத்துக்கொண்டு ஏஜெண்டுகள் நிற்பார்கள். அப்போதெல்லாம் ஷேர் என்றால் தபாலில் வருகிற காகிதம். ஓரத்தில் பூவேலை, நடுவில் கம்பெனி முத்திரை என்று கல்யாணப் பத்திரிகையைவிட அழகாக இருக்கும். சின்னமனூர் வாத்தியார் ஒருவர் அதைச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டியிருந்தார். கம்பெனி காணாமல் போன பிறகும் கழற்றவில்லை. கழற்றினால் சுவரில் அந்த இடம் மட்டும் வெளுப்பாகத் தெரியுமாம்.

எங்கள் முதலாளி அதற்கு முன் போடியில் ஏலக்காய் வியாபாரம் பார்த்தவர். ஏலத்தில் விலை கட்டவில்லை என்றால் சரக்கைக் கொடுக்காமல் திரும்ப எடுத்து வந்துவிடலாம். வீட்டில் மூட்டையாகக் கிடக்கும், விலை வரும்போது விற்கலாம். ஆனால் நாளாக ஆகக் காயின் பச்சை போய்விடும். "ஷேரும் அப்படித்தாம்மா, காத்திருக்கலாம். ஆனா எவ்வளவு காலம் காத்திருக்க முடியும்னு நம்மளுக்குத்தான் தெரியணும்" என்பார். சொல்வதெல்லாம் சரியாகச் சொல்வார். தன் பணம் என்று வரும்போது மட்டும் அது அவருக்கே ஞாபகம் இருக்காது.

மழை நிற்க ஒரு பொங்கல்

ஆத்தா பணம் ஏறியது. பொய் சொல்லக் கூடாது, நன்றாகவே ஏறியது. தீபாவளிக்கு அக்கா வீட்டுக்குப் போனபோது மச்சான் எனக்குப் புடவை எடுத்து வைத்திருந்தார்.

"வட்டிக்கு மேல வந்துருச்சு மச்சான். இப்பவே வித்துருவோம்."

"காப்புக் கட்டாம எப்பிடித் தொடுறது?" என்றார். அவர் குரலில் கவலை இல்லை. சித்திரைக்குள் இன்னும் ஏறும் என்ற சந்தோஷம்தான் இருந்தது. ஊர் வழக்கம் அவர் ஆசைக்கு நல்ல துணையாக வந்து நின்றது.

அக்காதான் சரியில்லை. அடுப்படியில் அவள் கண்ணுக்குக் கீழே கறுத்திருந்ததைப் பார்த்தேன். "தூங்குறியா இல்லையா?" என்று கேட்டேன்.

"படுக்குறேன்" என்றாள். "டிவியில கீழ ஓடுதே ஒரு எழுத்து, செவப்பும் பச்சையுமா. கண்ண மூடுனா அதுதான் ஓடுது. அதுல எது நம்மது, எது ஊரானுதுன்னும் தெரியல."

கார்த்திகையில் மழை பிடித்தது. மழைக்காகப் பொங்கல் வைக்கிற ஊரைப் பார்த்திருப்பீர்கள். எங்கள் பள்ளத்தாக்கில் மழை நிற்கவும் பொங்கல் வைப்போம். திராட்சை பழுத்து நிற்கிற நேரத்தில் விடாமல் பெய்தால் பழம் வெடித்துக் கொடியிலேயே அழுகிவிடும். அந்த வருடம் பந்தல்காரர்கள் எல்லாரும் சேர்ந்து, செவ்வாய்க்கிழமை ஆத்தாளுக்குக் காப்புக் கட்டி வெள்ளிக்கிழமை பொங்கல் வைத்து அவிழ்ப்பது என்று முடிவு செய்தார்கள். அக்கா இதை போனில் சொல்லிக்கொண்டிருந்தாள். எனக்குப் பொறி தட்டியது.

"என்னா சொன்ன? காப்புக் கட்டுறாகளா?"

"ஆமா, செவ்வாக்கெழம."

"அக்கா, காப்புக் கட்டுனா ஆத்தா பணத்தத் தொடலாம்ல?"

அக்கா மெதுவாகச் சொன்னாள்: "நீ பொறப்பட்டு வா."

பூ கேட்டது

புதன்கிழமை சாயங்காலம் கோயிலில் இருந்தேன். அம்மன் கையில் மஞ்சள் கயிறு கட்டியிருந்தது. வெளியே தூறல்.

பூசாரி மறுக்கவில்லை. காப்பு காப்புதான், மழைக்குக் கட்டினாலும் திருவிழாவுக்குக் கட்டினாலும் ஆத்தா கை ஒன்றுதானே என்றார். மச்சான்தான் முறுக்கிக்கொண்டார். நன்றாக ஓடுகிற குதிரையை ஏன் நிறுத்த வேண்டும்? ஆத்தாளையே கேட்டுவிடுவோம் என்றார்.

எங்கள் ஊரில் பூ கேட்பது இப்படி. வெள்ளைப் பூவையும் சிவப்புப் பூவையும் தனித்தனியாக வாழையிலைத் துண்டில் பொட்டலம் கட்டி அம்மன் காலடியில் போடுவார்கள். கேள்வியைச் சொல்லி ஒன்றை எடுக்க வேண்டும். வெள்ளை வந்தால் ஆகும், சிவப்பு வந்தால் ஆகாது. எடுக்காத பொட்டலத்தைப் பிரிக்காமலே வாய்க்காலில் விட்டுவிடுவார்கள்.

மச்சான் கைகூப்பிக் கேட்டார்: "ஆத்தா, இன்னும் ஏறுமா?"

பால் கொண்டுவந்த பெண் ஒருத்தி எடுத்துக் கொடுத்தாள். பூசாரி பிரித்தார். வெள்ளை.

மச்சான் முகம் மலர்ந்தது. "அவ்வளவுதான். ஏறும்னுட்டா. வாங்க போவோம்."

அக்கா அப்படியே நின்றாள். பிறகு, வாழ்க்கையில் ஒரு முறைகூடக் கோயிலில் குரல் உயர்த்தாதவள், அம்மனைப் பார்த்துக் கத்தினாள்: "ஒனக்கு என்னா தெரியும் ஷேரப் பத்தி?"

எல்லாரும் திகைத்துப்போனோம். மச்சான் கன்னத்தில் போட்டுக்கொண்டார். எனக்கு மட்டும் அந்தக் கேள்வி நேராக என்னைக் கேட்டதுபோல் இருந்தது. தினமும் ஆபீசில் ஏறுமா ஏறுமா என்று கேட்கிறார்கள். தெரியாது என்று சொன்னால் கோபித்துக்கொள்கிறார்கள். ஏறும், இறங்கும், பிறகு ஏறும். எந்த நாளில் என்று யாருக்கும் தெரியாது. ஆனால் நமக்கு எப்போது பணம் வேண்டும் என்பது நமக்குத் தெரியும். அதை ஒருவரும் கேட்பதில்லை.

"பூசாரிஐயா" என்றேன். "நம்ம கேட்ட கேள்வி தப்பு. ஏறுமா எறங்குமான்னு ஆத்தாள்ட்ட எதுக்குக் கேக்கணும்? பணம் அவளுது. அவளுக்கு எப்ப வேணும்னு கேளுங்க."

"சித்திரையிலதான வேணும்" என்றார் மச்சான்.

"சித்திரையில கண்டிப்பா வேணும்ல? அப்ப இப்பவே வாங்கி வச்சுக்கிறியான்னு கேளுங்க. இப்ப காப்பு இருக்கு. அப்பறம் சித்திரை வரைக்கும் இல்ல."

பூசாரி என்னையும் அக்காவையும் மாறி மாறிப் பார்த்தார். புதிதாக இரண்டு பொட்டலம் கட்டிக்கொண்டு வந்தார். கட்டிய நாரை அவிழ்த்து மறுபடி இறுக்கிக் கட்டினார். பணத்தை ஷேரில் போடத் தலையாட்டியவர்களில் முதல் ஆள் அவர்தான். அக்கா தூங்காமல் கிடந்ததுபோல அவரும் கிடந்திருப்பார் என்று அப்போதுதான் எனக்குத் தோன்றியது.

"ஆத்தா, ஒன் பணத்த இப்பவே வாங்கிக்கிறியா?"

இந்த முறை அக்காவை எடுக்கச் சொன்னார். அக்கா கண்ணை மூடிக்கொண்டு எடுத்தாள். பிரித்தால், வெள்ளை.

இன்னொரு பொட்டலத்தைப் பூசாரி தன் கையாலேயே கொண்டுபோய் வாய்க்காலில் விட்டார். அதற்குள் என்ன பூ இருந்தது என்று யாரும் பார்க்கவில்லை. பார்க்கிற வழக்கமும் இல்லை. நானும் கேட்கவில்லை.

குடை டிஷ்

வியாழக்கிழமை காலை மச்சான் ஆபீசுக்கு வந்தார், தலைவலி மாத்திரை விழுங்கின முகத்தோடு. மறுநாள் காலையில் காப்பு அவிழ்ந்துவிடும். இன்றைக்குள் விற்றாக வேண்டும். பணம் பேங்குக்கு வர இரண்டு நாள் ஆகும் என்றதற்கு, கை வைத்த நேரம்தான் கணக்கு என்று பூசாரி சொல்லி அனுப்பியிருந்தார்.

நான் டெர்மினலைத் திறந்தேன். மழை கொட்டத் தொடங்கியது.

எங்கள் ஆபீசுக்கு மும்பையோடு இருந்த உறவெல்லாம் மொட்டைமாடியில் கவிழ்த்த குடை போல நின்ற ஒரு டிஷ்தான். கனமழை பெய்தால் சிக்னல் போய்விடும். போனது. திரையில் விலைகள் எல்லாம் அசையாமல் நின்றன. மதுரைக் கிளைக்குப் போன் போட்டு விற்கலாம் என்றால் லைன் எந்நேரமும் பிஸி.

"பாத்தியா" என்றார் மச்சான். "ஆத்தாளுக்கே இஷ்டமில்ல."

"ஆத்தா நேத்து சொல்லிட்டா மச்சான். இது மழை" என்றேன், வெடுக்கென்று.

ஆபீஸ் பையன் மாடிக்குப் போய் டிஷ்ஷைத் துடைத்துவிட்டு நனைந்து வந்தான். பயனில்லை. மத்தியானமாயிற்று. மூன்றரைக்கு மார்க்கெட் மூடிவிடும். கொண்டுவந்த தயிர்ச்சோற்றைத் தொடக்கூட முடியவில்லை. அங்கே ஊரே மழை நிற்கட்டும் என்று வேண்டிக்கொண்டிருக்கிறது. இங்கே நானும் அதையேதான் வேண்டினேன், திராட்சைக்காக இல்லை. மானிட்டர் ஓரத்தில் ஆத்தா நீலப் பின்னணியில் இரண்டு காதும் தெரிய என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மூன்று மணி வாக்கில் ஜன்னலுக்கு மேலிருந்த தகரத்தில் விழுந்த மழைச் சத்தம் குறைந்தது. பிறகு நின்றது. திரையில் ஒரு எண் அசைந்தது, பிறகு எல்லாமே அசைந்தன.

"விக்கவா மச்சான்?"

அவர் தலையை மட்டும் ஆட்டினார்.

"மச்சான், வாயால சொல்லுங்க."

"வித்துத் தொலை" என்றார்.

விற்றேன். சிமென்ட், பேங்க், கட்டடக் கம்பெனி, மூன்றும் போயின. கடைசி ஆர்டர் முடிந்ததும் மாடிப்படியில் இறங்கிப் போய், பம்ப்செட் கடை ஓரம் நின்று அழுதேன். ஏன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. நெஞ்சில் ஏற்றி வைத்திருந்த அம்மிக்கல்லை யாரோ தூக்கிக்கொண்டது போல் இருந்தது.

கரும்பு மட்டும்

நிம்மதி எனக்கு மட்டும்தான். ஆத்தா சொன்னது பொய்யாகவில்லை, அதுதான் வினை. விற்ற மறுவாரமே ஏறியது. மார்கழி முழுக்க ஏறியது. மச்சான் தினமும் பேப்பரில் அந்த மூன்று கம்பெனி விலையையும் பார்த்து, அக்காவிடம் வாசித்துக் காட்டினாராம். "ஆத்தா ஏறும்னு சொன்னா, ஏறுச்சு. ஒன் தங்கச்சி பேச்சக் கேட்டு வித்தேன் பாரு."

பணத்தை அக்கா, மச்சான் இரண்டு பேர் பேரிலும் பேங்கில் போட வைத்திருந்தேன், ஒருத்தர் கையெழுத்தில் எடுக்க முடியாதபடி. அதற்கும் கோபம். பொங்கலுக்குப் போனபோது மச்சான் எனக்குக் கரும்பு கொடுத்தார், முகம் கொடுக்கவில்லை. ஊரிலும் நாலு பேர் ஜாடையாகப் பேசினார்கள். எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. ஆனால் பதில் சொல்ல என்ன இருக்கிறது? இறங்கும் என்று நான் சொல்லவே இல்லையே. தெரிந்திருந்தால்தானே சொல்ல?

ஒரு டீ

பொங்கல் முடிந்த அடுத்த வாரம் மார்க்கெட் விழுந்தது. விழுந்தது என்றால், கண் முன்னால் திரை முழுவதும் சிவப்பாகி, மறுநாள் காலையில் கொஞ்ச நேரம் வியாபாரத்தையே நிறுத்தி வைக்கிற அளவுக்கு.

ஆபீசில் நிற்க இடமில்லை, ஆனால் பேச்சே இல்லை. யாரோ டிவியின் சத்தத்தைக் குறைத்துவிட்டார்கள். ஒருவர் தன் செல்போனை மடியில் கவிழ்த்து வைத்திருந்தார், அது அதிர்ந்துகொண்டே இருந்தது. முதலாளி தன் அறைக்குள் போய் நெடுநேரம் வரவில்லை. வந்தபோது என்னிடம் மெதுவாகச் சொன்னார்: "பச்சை போயிருச்சும்மா." அவருக்காக வருத்தமாக இருந்தது. எனக்கு மனசு ஒரு பக்கம் லேசாகவும் இருந்தது, அதைக் காட்டிக்கொள்ளக் கூசியது.

அந்தக் கூட்டத்தை ஒதுக்கிக்கொண்டு மச்சான் வந்தார். டிவியில் செய்தி பார்த்துவிட்டு பஸ் பிடித்திருக்கிறார். என் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்தார். திரையைப் பார்த்தார். கட்டடக் கம்பெனியின் பெயர் சிவப்பில் நின்றது. வாங்க ஆளே இல்லை.

"நம்மது இதுல இல்லல்ல?" என்றார்.

"இல்ல மச்சான்."

"ஒண்ணுகூட?"

"ஒண்ணுகூட இல்ல."

அவர் இரண்டு கையாலும் முகத்தைத் துடைத்தார். மானிட்டர் ஓரத்தில் இருந்த ஆத்தா படத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். எனக்கு நன்றி சொல்வார் என்று கொஞ்சம் காத்திருந்தேன். அவர் சுபாவம் எனக்குத் தெரியாதா?

"ஒரு டீ சொல்லு" என்றார். "ஒனக்கும் சேத்து."

திரும்பிய குழாய்

சித்திரையில் காப்புக் கட்டியதும் மச்சான் தாம்பாளத்தில் பணத்தைக் கொண்டுபோய் வைத்தார். முதல், வட்டி, அதற்கு மேல் ஆத்தாளுக்கென்று கொஞ்சம். பூசாரி திருநீறு பூசி, பந்தல் பந்தலாகவே இருக்கட்டும் என்று சத்தமாகச் சொன்னார். வாங்கும்போது சந்நிதியில் சொன்ன சொல்லை இப்படித்தான் திருப்பிக் கொடுப்பார்கள்.

பிறகு என்னிடம் வந்து காதோரம் குனிந்தார். "அந்தப் போட்டோ அங்கனயே இருக்கட்டும் தாயி. ஆனா அவள்ட்ட ஏறுமான்னு யாரையும் கேக்க விடாத."

"சரிங்கய்யா" என்றேன். எத்தனை பேர் வாயை நான் அடைக்க முடியும்?

மத்தியானம் அக்கா வீட்டுக்குப் போனேன். வீடு நிறைய விருந்தாளிகள். கறிக்குழம்பு கொதிக்கிறது. வாசலை ஒட்டிய கம்பத்தில் திருவிழாப் பாட்டுக்குக் குழாய் ஒலிபெருக்கி ஒன்றைக் கட்டி, வாயை நேராக வீட்டுப் பக்கம் திருப்பி வைத்திருந்தார்கள். அது போட்ட சத்தத்தில் அலமாரிப் பாத்திரம் கிடுகிடுத்தது. பக்கத்தில் மேளம் வேறு.

அக்காவைக் காணோம். தேடிப்போனால், உள் அறையில் வெறும் தரையில், முந்தானையைச் சுருட்டித் தலைக்கு வைத்துத் தூங்கிக்கொண்டிருந்தாள். வாய் லேசாகத் திறந்திருந்தது. கண்ணுக்குக் கீழே அந்தக் கறுப்பு இன்னும் மிச்சம் இருந்தது. ஒரு வருடத்துத் தூக்கம்.

மச்சான் உள்ளே வந்தார். "ஏய் ஈஸ்வரி, எலை போட ஆள்..." என்று தொடங்கியவர், பார்த்துவிட்டு நிறுத்தினார். வாசல் நிலையில் கை வைத்தபடி கொஞ்ச நேரம் நின்றார். பிறகு வெளியே போனார்.

கொஞ்ச நேரத்தில் அந்தப் பாட்டுச் சத்தம் தெற்குப் பக்கமாக விலகிப் போனது. ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தேன். ஏணி வைத்து, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, மச்சானே கம்பத்தில் ஏறி நின்று, குழாயின் வாயைத் திராட்சைத் தோட்டத்துப் பக்கம் திருப்பிக்கொண்டிருந்தார்.